தணிக்கையில் மோசடி தப்பிப் போனால் ஆடிட்டருக்கு என்ன தண்டனை?

கட்டபெட்டு மாணவன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டபெட்டு பக்கத்துல ஒரு ஹட்டியைச் சேர்ந்தவன். குன்னூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்புக்கான பயிற்சி, ரெண்டாவது வருஷம் ஓடுது.

மார்ச் 31 அன்னைக்கு ஒரு பாட்லீஃப் ஃபேக்டரிக்கு (சின்ன விவசாயிங்ககிட்ட பச்சை இலை வாங்கித் தூள் பண்ற ஃபேக்டரி) ஸ்டாக் எண்ணப் போயிருந்தேன். குடோன்ல தூள் மூட்டையைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தாங்க. நீளத்துல எத்தனை, அகலத்துல எத்தனை, உயரத்துல எத்தனைன்னு வெளியில நின்னு எண்ணிப் பெருக்கிக்கோங்கன்னு குடோன் கீப்பர் சொன்னார். நடு அடுக்குல நிஜமாவே மூட்டை இருக்கான்னு பார்க்கணும், ரெண்டு வரிசையை இறக்குங்கன்னு கேட்டேன். இறக்கினாங்க. மூட்டை இருந்தது. ஆனா இறக்கி முடிக்கிற வரைக்கும் "முதலாளி மேலேயே சந்தேகமா தம்பி?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். இதுபோக இன்னும் 300 மூட்டை குன்னூர் ஏலக் கிடங்குல இருக்குன்னு ஒரு தாள் கொடுத்தாங்க. அந்தத் தாளே ஃபேக்டரி ஆபீஸ்ல டைப் அடிச்சதுதான்.

ராத்திரி வீட்டுல இதைச் சொன்னேன். எங்க அப்பா ஒண்ணரை ஏக்கர் தேயிலை வெச்சிருக்கார், எங்க இலையும் அந்த ஃபேக்டரிக்குத்தான் போகுது. அவர் கேட்டார்: "நாளைக்கு அந்த ஆள் கணக்குல தில்லுமுல்லு பண்ணியிருந்தான்னு வெச்சுக்கோ. கையெழுத்துப் போட்ட உங்க சாரைப் பிடிப்பாங்களா? எண்ணின உன்னையும் பிடிப்பாங்களா?" எனக்கு உருப்படியா பதில் சொல்லத் தெரியல. பரீட்சைக்குப் பிரிவு நம்பரெல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்கேன், ஆனா நிஜத்துல யாருக்கு என்ன நடக்குதுன்னு தெரியல. பெரிய கம்பெனி ஆடிட்டர்களுக்குக் கோடிக்கணக்குல அபராதம்னு செய்தி வருது. மோசடி பண்ணினது முதலாளி, ஆடிட்டருக்கு எதுக்கு அபராதம்? எந்த இடத்துல அது ஆடிட்டரோட குத்தமாகுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. பாஸ் பண்ணினப்புறம் ஆடிட்ல இருக்கிறதா, கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி வேலைக்குப் போறதான்னு நான் முடிவு பண்றதும் இதை வெச்சுத்தான்.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

தம்பி, எனக்கு ஆடிட் தெரியாது, காப்பி தெரியும். பழனி மலைக் கீழ்ப்பகுதியில காப்பியும் மிளகும் போட்டிருக்கேன். அதனால காஃபி டே விவகாரம் வந்தப்போ ஒரு வரி விடாம படிச்சேன்.

அந்தக் குரூப்போட ஏழு துணைக் கம்பெனியில இருந்து 3,535 கோடி ரூபாய் ஒரு எஸ்டேட் கம்பெனிக்குப் போயிருக்கு. மைசூர் அமால்கமேட்டட் காஃபி எஸ்டேட்ஸ்னு பேரு, நிறுவனரோட குடும்பத்துக் கையில இருந்த கம்பெனி. ஒரு தோட்டக்காரனைக் கூப்பிட்டு அந்தத் தொகையைக் காட்டியிருந்தா, ஏக்கருக்கு எவ்வளவு செர்ரி வரும், உரத்துக்கும் கூலிக்கும் போக என்ன நிக்கும்னு வாய்க்கணக்குலயே சொல்லியிருப்பான். எஸ்டேட் வருமானத்துல இந்தப் பணம் எந்தக் காலத்துலயும் திரும்பி வராது. இது ஆடிட்டருக்குத் தோணலையா?

2023 ஜனவரியில பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி காஃபி டே கம்பெனிக்கு 26 கோடி அபராதம் போட்டுச்சு. 2024 ஏப்ரல்ல அதோட ஆடிட் ஃபர்முக்கு 10 கோடி. 3,535 கோடிக்குப் 10 கோடின்னா, ஆயிரம் ரூபாய்க்கு மூணு ரூபாய்கூட இல்லை. என் தோட்டத்துல மிளகு திருடினவனுக்குப் பஞ்சாயத்துல இதைவிடக் கூடுதலா போடுவாங்க. இந்த மாதிரி அபராதத்தை யார் பயந்துக்கிட்டு இருப்பாங்க? எடுபட்ட பணத்துல பாதியையாவது ஆடிட்டர் கட்டணும்னு சட்டம் வரணும். அதுதான் என் கருத்து.

குன்னூர் ஆடிட்டர் அக்கா

தம்பி, நான் குன்னூர்ல பெட்ஃபோர்டுல பிராக்டிஸ் பண்றேன். என் அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில டீ மேக்கர். நான் பார்க்கிற ஆடிட்ல முக்கால்வாசி தேயிலைதான். அதனால உங்க கேள்வியை விட்டுட்டுப் போக மனசு வரல. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல தாண்டிக்குடி அண்ணாவுக்கு. உங்க கோபம் சரி. எஸ்டேட் கணக்கு சொன்னீங்களே, அது அருமையான கேள்வி, ஆடிட்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். ஆனா அபராதத்தை எடுபட்ட பணத்தோட வெச்சு அளக்கிறது சட்டத்துல இல்லை. கம்பெனிச் சட்டம் 132 ஆம் பிரிவு, அதன்கீழ் 2018 அக்டோபர் 1 அன்று அமைஞ்ச தேசிய நிதி அறிக்கை ஆணையம், நாங்க என்.எஃப்.ஆர்.ஏ.ன்னு சொல்றது. அது தனி ஆடிட்டருக்குக் குறைஞ்சது 1 லட்சம், அதிகபட்சம் அவர் வாங்கின ஃபீஸ் மாதிரி 5 மடங்கு வரைக்கும் போடலாம். ஃபர்முக்குக் குறைஞ்சது 5 லட்சம், அதிகபட்சம் ஃபீஸ் மாதிரி 10 மடங்கு. கூடவே 6 மாசத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் ஆடிட் பண்ணவே தடை போடலாம். அளவுகோல் ஆடிட்டர் வாங்கின ஃபீஸ்தான்.

காஃபி டே உத்தரவுல செய்தித்தாள் பெரிசா போட்டது அந்த 10 கோடியை. நான் பார்த்தது அதுக்கு அடுத்த வரியை. கையெழுத்துப் போட்ட பார்ட்னர் ஒருத்தருக்கு 50 லட்சமும் 10 வருஷத் தடையும், இன்னொருத்தருக்கு 25 லட்சமும் 5 வருஷத் தடையும். ஐம்பது வயசுல இருக்கிற ஆடிட்டருக்குப் பத்து வருஷம் ஆடிட் கிடையாதுன்னா அவரோட தொழில் அங்கேயே முடிஞ்சுது. ஃபர்ம் பணத்தைக் கட்டிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். எங்க தொழில்ல ஆளைப் பயப்பட வைக்கிறது தடைதான். அபராதத்தைவிட அதைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன்.

இப்போ தம்பியோட அசல் கேள்வி. மோசடியைக் கண்டுபிடிக்கலைங்கிறதுக்காக மட்டும் யாருக்கும் தண்டனை கிடையாது. நல்லா திட்டம் போட்டு, பேங்க் ரசீதையே போலியா அடிச்சு, நாலு பேர் சேர்ந்து மறைச்சா நேர்மையான ஆடிட்டர் கண்ணுலயும் அது தப்பலாம். எங்க ஸ்டாண்டர்டே அதை ஒத்துக்குது. நியாயமான அளவு உறுதிதான் எங்களால தர முடியும், முழு உத்தரவாதம் யாராலயும் தர முடியாது. தண்டனை வர்றது செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததுக்கு. பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்த்தியா, சந்தேகம் வந்த இடத்துல நின்னு கேட்டியா, கேட்டதுக்கு ஃபைல்ல தாள் இருக்கா. இந்த மூணுக்கும் பதில் இருந்தா நிம்மதியா தூங்கலாம்.

நீங்க ஸ்டாக்கைப் பத்திச் சொன்னதால 1896 இங்கிலாந்து வழக்கு ஒண்ணு ஞாபகம் வருது, கிங்ஸ்டன் காட்டன் மில். நீங்களும் படிச்சிருப்பீங்க. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லைன்னு நீதிபதி சொன்னது அதுலதான். அந்த மில்லுல மேனேஜர் நூல் சரக்கைக் கூட்டிக் கூட்டி எழுதிக் கொடுத்தார், ஆடிட்டருங்க அவர் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டை அப்படியே ஏத்துக்கிட்டாங்க, கோர்ட்டு அவங்களை விட்டுடுச்சு. அந்த ஒரு வாக்கியத்தை இன்னைக்கும் கேடயமா தூக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. அதே தீர்ப்புல, சந்தேகம் வர்ற மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா அடிமட்டம் வரைக்கும் தோண்டணும்னும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. இன்னைக்கு எஸ்.ஏ. 501ங்கிற தணிக்கை ஸ்டாண்டர்டு படி ஸ்டாக் பெரிய தொகைன்னா எண்ணுற இடத்துல ஆடிட்டர் நேரா நிக்கணும். கிடங்குல மூணாவது ஆள் கையில இருக்கிற சரக்குன்னா அந்த ஆள்கிட்ட நேரா எழுதி வாங்கணும். ரெண்டு வரிசையை இறக்கச் சொன்னீங்களே, அது சரியான வேலை. குடோன் கீப்பர் முனகினாலும் சரி.

அந்த 300 மூட்டைத் தாளை மட்டும் நீங்க அப்படியே ஏத்துக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம்ங்கிற ஐ.டி. கம்பெனியோட தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்குல காட்டின ரொக்கத்துலயும் பேங்க் இருப்புலயும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லைன்னார். எவ்வளவு பெரிய தந்திரம் பண்ணியிருப்பாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி. விசாரிச்சுச் சொன்னது ரொம்ப சாதாரணமான விஷயம். பேங்க்குக்கு அனுப்ப வேண்டிய உறுதிக் கடிதத்தை அனுப்புறதையும் பதில் வாங்குறதையும் ஆடிட்டர்கள் கம்பெனி கையிலயே விட்டுட்டாங்க. திருடன்கிட்டயே சாவியைக் கேட்டு வாங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்த மாதிரி. ஐயாயிரம் கோடி இல்லைன்னு காட்டிக் கொடுக்க ஒரு தபால் தலை போதுமா இருந்தது.

அதுக்கு நடந்த தண்டனையை வரிசையா பாருங்க. 2011 ஏப்ரல்ல அமெரிக்காவுல, சத்யத்தை ஆடிட் பண்ணின பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்திய ஃபர்ம்கள் 75 லட்சம் டாலர் கட்டினாங்க. 2015 ஏப்ரல்ல ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்பட 10 பேருக்கு 7 வருஷம் சிறை கொடுத்தது, அதுல ஆடிட்டர்கள் ரெண்டு பேர். அடுத்த மாசமே மேல்முறையீட்டுல தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு வெளியில வந்துட்டாங்க. 2018 ஜனவரியில, மோசடி வெளிவந்து ஒன்பது வருஷம் கழிச்சு, அந்த நெட்வொர்க் ஃபர்ம்கள் 2 வருஷம் லிஸ்டட் கம்பெனி ஆடிட் பண்ணக்கூடாதுன்னு செபி தடை போட்டது, வாங்கின 13.09 கோடி ஃபீஸை வட்டியோட திருப்பித் தரச் சொன்னது. 2019 செப்டம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை ரத்து பண்ணிட்டு, பணத்தைத் திருப்பித் தரணும்ங்கிறதை மட்டும் உறுதி பண்ணிச்சு.

என்னைச் சங்கடப்படுத்துறது தொகை இல்லை, இந்த ஒன்பது வருஷம். அதுக்குள்ள ஆர்ட்டிகிளா இருந்தவன் பார்ட்னர் ஆயிடுவான். தண்டனையை எதுக்குக் கொடுத்தாங்கன்னே அடுத்த தலைமுறைக்குத் தெரியாம போயிடும்.

இதே கதை ஜெர்மனியில 2020-ல திரும்ப நடந்தது. வயர்கார்டுங்கிற பணப் பரிமாற்றக் கம்பெனியில 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் பேங்க்ல இருக்குன்னு கணக்கு, அப்படி ஒரு பணம் அங்கே இல்லை. ஆடிட்டர் இ.ஒய். 2023-ல அந்த நாட்டு ஆணையம் போட்ட அபராதம் 5 லட்சம் யூரோ, கூடவே பொதுநலன் சார்ந்த பெரிய கம்பெனிகள்ல 2 வருஷம் புது ஆடிட் எடுக்கத் தடை. சத்யத்துக்குப் பதினோரு வருஷம் கழிச்சும் பேங்க் இருப்புலதான் ஓட்டை.

இன்னொரு வழக்கு, இதை ஒவ்வொரு ஆர்ட்டிகிளும் படிக்கணும். ரிலையன்ஸ் கேப்பிடல், 2018-19 கணக்கு. 2019 ஜூன்ல ஒரு ஆடிட்டர் சந்தேகம் வந்து, 143(12) பிரிவுப்படி அரசுக்குத் தெரிவிச்சுட்டு விலகிட்டாங்க. கூட்டா ஆடிட் பண்ணின இன்னொரு ஃபர்ம் பாத்தக் எச்.டி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 2024 ஏப்ரல்ல அந்த ஃபர்முக்கு 3 கோடி, பார்ட்னருக்கு 1 கோடியும் 10 வருஷத் தடையும். பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் மணி அடிச்சுட்டுப் போனதுக்கப்புறமும் எழுந்து பார்க்கலைங்கிறதுதான் அங்கே குற்றம்.

அந்த 143(12) என்னன்னா, ஆடிட் பண்ணும்போது கம்பெனி ஆளுங்க 1 கோடியோ அதுக்கு மேலயோ மோசடி பண்ணியிருக்காங்கன்னு நம்பக் காரணம் இருந்தா 2 நாளைக்குள்ள போர்டுக்கோ ஆடிட் கமிட்டிக்கோ எழுதணும், 45 நாள் பதிலுக்குக் காத்திருக்கணும், அதுக்கப்புறம் 15 நாளைக்குள்ள ஏ.டி.டி.-4 படிவத்துல மத்திய அரசுக்கு அனுப்பணும். சொல்லாம விட்டா அதுக்குத் தனி அபராதம். ஆடிட்டரே கூட்டுச் சேர்ந்திருந்தா கதை வேற. அப்போ 447 ஆம் பிரிவு, 6 மாசத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் சிறை. ராஜினாமா பண்ணிட்டு ஓடவும் முடியாது. ஐ.எல்.எஃப்.எஸ்.ங்கிற நிதிக் கம்பெனி வழக்குல 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம், ஆடிட்டர் விலகினாலும், மோசடிக்குத் துணைபோன ஆடிட்டரை நீக்குற 140(5) நடவடிக்கை நிக்காதுன்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு.

இதெல்லாம் பெரிய கம்பெனி. உங்க பாட்லீஃப் ஃபேக்டரி என்.எஃப்.ஆர்.ஏ. எல்லைக்குள்ளயே வராது. லிஸ்ட் ஆன கம்பெனிகள், பேங்க், இன்சூரன்ஸ், அப்புறம் 500 கோடி மூலதனமோ 1,000 கோடி விற்பனையோ 500 கோடிக் கடனோ இருக்கிற பப்ளிக் கம்பெனிகள்தான் அங்கே. நம்ம மலையில ஃபேக்டரிகள் பலது பார்ட்னர்ஷிப். அப்படின்னா கம்பெனிச் சட்டமே கிடையாது, டாக்ஸ் ஆடிட் மட்டும். தப்பான ரிப்போர்ட் கொடுத்தா வருமான வரிச் சட்டத்துல ரிப்போர்ட்டுக்கு 10,000 ரூபாய் அபராதம். அதுக்கு மேல எங்க சி.ஏ. இன்ஸ்டிடியூட் ஒழுங்கு நடவடிக்கை இருக்கு. கவனக்குறைவு பெரிசுன்னு நிரூபணம் ஆனா அபராதம் போடலாம், பேரை மெம்பர் பட்டியல்ல இருந்து சில காலத்துக்கோ நிரந்தரமாவோ எடுத்துடலாம்.

உங்க அப்பாகிட்ட சொல்லுங்க: இந்த அபராதமும் தடையும் வர்றது கையெழுத்துப் போடுற சார் மேலதான். எண்ணின ஆர்ட்டிகிள் மேல வராது. ஆனா சார் தன்னைக் காப்பாத்திக்க எடுத்து நீட்டுறது நீங்க எழுதின தாளைத்தான். அதனால மூட்டை எண்ணின தாள்ல தேதி, நேரம், எந்த அடுக்கு இறக்கினீங்க, எந்த இன்வாய்ஸ் நம்பர், எந்த கிரேடு, எத்தனை மூட்டையை எடை போட்டீங்கன்னு அன்னைக்கே எழுதி வைங்க. ரிப்போர்ட் கொடுத்த 60 நாளைக்குள்ள ஃபைலைக் கட்டி மூடிடணும். அப்புறம் ஆணையம் கேக்கும்போது, வேலை செஞ்சேன், எழுதலைன்னு சொன்னா எடுபடாது.

தூள் கணக்கு சரியான்னு பார்க்க வேற வழியும் இருக்கு. நூறு கிலோ பச்சை இலைக்கு நம்ம பக்கம் 22 முதல் 25 கிலோ தூள் நிக்கும், மழையில ஈர இலை வந்தா இன்னும் குறையும். ஜூலை மாசத்துல ஒரு ஃபேக்டரி 28 காட்டினா எனக்கு உடனே கை நின்னுடும். இலை ரிஜிஸ்டர், கரண்ட் பில், விறகு பில், ஏல புரோக்கரோட விற்பனைச் சீட்டு, இந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா பொய் சொல்றது கஷ்டம். நாலையும் ஒரே ஆள் மாத்த முடியாது, கரண்ட் பில்லு மின்வாரியத்துடையது.

கடைசியா ஒண்ணு, இதை நீங்க போகிற போக்குல சொல்லிட்டீங்க. உங்க இலை அந்த ஃபேக்டரிக்குப் போகுதுன்னா, உங்க அப்பாவுக்கு அந்த ஃபேக்டரி பணம் தரணும். அப்போ நீங்க அந்த ஆடிட்ல இருக்கக்கூடாது. நாளைக்கே சார்கிட்ட சொல்லுங்க, சொன்னதை எழுதியும் கொடுங்க.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

அம்மணி, விளக்கமா சொன்னீங்க, சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஃபீஸ்தான் அளவுகோல்னா, கம்மி ஃபீஸுக்கு கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுறவனுக்குத் தண்டனையும் கம்மியாத்தானே வரும்? அவனாலதானே ஊருக்குக் கெடுதல்?

குன்னூர் ஆடிட்டர் அக்கா

அண்ணா, சரியான இடத்துல கை வெச்சீங்க. ஆமா, இந்தச் சட்டத்துல எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். ஃபீஸைக் குறைச்சுக் கேட்டு வேலையைப் பிடிச்சு, ரெண்டு நாள்ல முடிச்சுக் கொடுக்கிறவருக்கு உச்சவரம்பும் குறைஞ்சு போகுது. குறைந்தபட்சத் தொகை கொஞ்சம் தாங்கிப் பிடிக்குது, மத்தபடி தடைதான் அதைச் சரிக்கட்டணும். அந்தத் தடையைச் சீக்கிரமாவும், கோர்ட்டுல நிக்கிற மாதிரியும் போடணும். 2025 பிப்ரவரியில டெல்லி உயர் நீதிமன்றம் 132 ஆம் பிரிவு செல்லும்னு சொல்லிட்டு, ஆனா ஆடிட் தரத்தைப் பரிசோதிச்சவங்களே தண்டனை நோட்டீசும் கொடுக்கிறாங்க, அதுல நடுநிலை இல்லைன்னு சில நோட்டீசுகளை ரத்து பண்ணிடுச்சு. தப்புப் பண்ணினவர் மேல போட்ட வழக்குகூட முறை சரியில்லாததால நிக்காம போகலாம். எனக்கு அந்தத் தீர்ப்பு மேல கோபம் இல்லை. யாரையும் விசாரிக்கிற விதத்துல விசாரிக்கணும். முறையை ஆரம்பத்துலயே ஒழுங்கா வெச்சிருந்தா இத்தனை வருஷம் வீணாகியிருக்காதுங்கிறதுதான் வருத்தம்.

நீங்க கேட்ட மாதிரி எடுபட்டதுல பாதியை ஆடிட்டர் கட்டணும்னா, நல்ல ஆடிட்டர் ஒருத்தரும் சிக்கலான கம்பெனிப் பக்கமே போகமாட்டார். கட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாதவர்தான் போவார். அதனால அதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

ஊட்டி ஓய்வுபெற்ற ஆசிரியர்

மதிப்பிற்குரிய அம்மா, தங்கள் பதிலைப் படித்தேன். நான் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு நிதி நிறுவனத்தில் வைப்பாகப் போட்டிருந்தேன். பெயர் வேண்டாம். அவர்களுடைய அலுவலகச் சுவரில் தணிக்கையாளர் அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லாம் உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அதை நின்று முழுவதும் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். இப்போது அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் சொல்லும் அபராதங்கள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போகின்றன. அந்தக் கையெழுத்தை நம்பிய என்னைப் போன்றவனுக்கு அந்தத் தணிக்கையாளர் எதுவும் கடமைப்பட்டவர் இல்லையா?

குன்னூர் ஆடிட்டர் அக்கா

ஐயா, உங்க பதிவைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. படிச்சுப் பார்த்துட்டுப் பணம் கட்டினவர் நீங்க, அதைவிட ஒரு வைப்பாளர் என்ன செய்ய முடியும்?

கடமை உண்டு ஐயா, ஆனா வழி சுத்துவழி. அவசரமா செய்ய வேண்டியதை முதல்ல சொல்றேன். பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ்ல புகார் கொடுங்க. 1997 தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்துல நிறுவனத்தோட சொத்தை முடக்கி, வித்து, வைப்பாளர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்க வழி இருக்கு. நம்ம மாவட்டத்துக்குக் கோயம்புத்தூர் சிறப்பு நீதிமன்றம். உங்க ரசீதுகளோட நகலை மட்டும் கொடுங்க, அசலைக் கையிலயே வெச்சுக்கோங்க. பணம் திரும்பறதுக்கு இதுதான் கிட்டத்துல இருக்கிற வழி.

அடுத்தது அந்தக் கையெழுத்து. சுவர்ல மாட்டியிருந்த அறிக்கையை ஃபோட்டோ எடுத்தவங்க யாராவது இருப்பாங்க, கேளுங்க. 2019 ஜூலைக்கு அப்புறம் போட்ட ஆடிட் ரிப்போர்ட்டுன்னா அதுல யு.டி.ஐ.என்.னு 18 இலக்க எண் இருக்கணும். இன்ஸ்டிடியூட் இணையதளத்துல அந்த எண்ணைப் போட்டா அந்த ஆடிட்டர் நிஜமாவே கொடுத்ததான்னு தெரிஞ்சுடும். ஆடிட்டர் பேரைத் திருடி நிறுவனமே அடிச்சுக்கிட்ட அறிக்கைகளும் உண்டு. எண் இல்லைன்னா, பொருந்தலைன்னா, அதையே போலீஸ் புகார்ல எழுதுங்க. நிறுவனம் கம்பெனியாப் பதிவானதுன்னா, கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துல 100 ரூபாய் கட்டி அவங்க தாக்கல் பண்ணின கணக்கைப் பார்க்கலாம். சுவர்ல இருந்ததும் தாக்கல் பண்ணினதும் ஒண்ணான்னு பாருங்க. அங்கே ஆடிட்டர் ஏதாவது குறை எழுதியிருந்து, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டு மாட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அறிக்கை ஆடிட்டருடையதுதான்னா, இன்ஸ்டிடியூட்ல ஃபார்ம்-1 புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, உங்க மாதிரி தெளிவா எழுதறவங்களுக்கு வேற யாரும் வேண்டாம். நஷ்டஈடுன்னா கம்பெனிச் சட்டம் 245 ஆம் பிரிவு, வைப்பாளர்கள் 100 பேர் சேர்ந்தா தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துல கம்பெனி மேல மட்டுமில்லாம ஆடிட்டர் மேலயும் கேக்கலாம். நூறு பேர் சேர்க்கிறது பெரிய வேலைதான். போலீஸ் புகார் கொடுக்கப் போற இடத்துலயே பேரும் ஃபோன் நம்பரும் வாங்க ஆரம்பிச்சுடுங்க.

கட்டபெட்டு மாணவன்

அக்கா, ரொம்ப நன்றி. ஐயாவுக்கு நீங்க எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன்.

சார்கிட்ட இலை விஷயத்தைச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். அவர் கோவிச்சுக்கல, முதல்லயே கேட்டிருக்கணும்னு சொல்லி என்னைக் கொலக்கம்பை பக்கம் வேற ஒரு ஃபேக்டரிக்கு மாத்திட்டார். அது பிரைவேட் லிமிடெட். அங்கேயும் ஏலக் கிடங்குல சரக்கு இருக்கு. உறுதிக் கடிதம் அனுப்பணும்னு சொன்னதுக்கு முதலாளி, "நான் தினம் குன்னூர் போறவன், லெட்டரைக் கொடுங்க, நானே சீல் வாங்கிட்டு வந்துடறேன், உங்களுக்கு எதுக்கு தபால் செலவு"ன்னு சொல்றார். நல்ல மனுஷன், டீயெல்லாம் கொடுத்து உபசரிச்சார். மறுத்தா தப்பா எடுத்துக்குவாரோன்னு இருக்கு. என்ன சொல்லட்டும்? அப்புறம் ஆடிட்ல இருக்கட்டுமான்னு கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல.

குன்னூர் ஆடிட்டர் அக்கா

தம்பி, உங்க சார் நல்லவர், அவர்கிட்டயே இருங்க.

முதலாளிகிட்ட மரியாதையா, சந்தேகம்னு ஒரு வார்த்தை வராம சொல்லுங்க: "எஸ்.ஏ. 505 படி லெட்டரை எங்க ஆபீஸ்தான் போடணும், பதிலும் எங்க ஆபீசுக்குத்தான் வரணும், யாரா இருந்தாலும் இதே முறைதான் சார்." அவர் நல்ல மனுஷனாவே இருக்கலாம். நல்ல மனுஷன்னு தோணுற இடத்துலதான் இந்த முறையை விட்டுடுவோம், அதனாலதான் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி செய்யணும். அவர் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எங்க ஆடிட்டருக்கு விவரம் கொடுங்கன்னு கிடங்குக்கு அவர் லெட்டர்ஹெட்ல ஒரு அனுமதிக் கையெழுத்து. அதை வாங்கிக்கிட்டுக் கடிதத்தை நீங்களே மூடி, நீங்களே ஸ்பீடு போஸ்ட்ல போடுங்க. கிடங்கோட விலாசத்தை ஃபேக்டரி கொடுக்கிற காகிதத்துல இருந்து எடுக்காதீங்க, ஏல புரோக்கரோட விற்பனைச் சீட்டுல இருக்கிறதோட ஒத்துப் பாருங்க. குன்னூர்தானே, ஒரு நாள் நேர்ல போய் அந்த மூட்டைகளையும் பார்த்துட்டு வாங்க, மார்ச் 31-க்கு அப்புறம் ஏலத்துல எத்தனை போச்சுன்னு கழிச்சுப் பார்த்தா கணக்கு நிக்குதான்னு தெரியும்.

அனுப்பவே கூடாதுன்னு அவர் மறுத்தா, காரணத்தைக் கேட்டு எழுதிக்கோங்க, சார்கிட்ட சொல்லுங்க. காரணம் நியாயமில்லைன்னா சார் டைரக்டர்களுக்கு எழுதணும், வேற வழியில சரிபார்க்கணும், முடியலைன்னா ரிப்போர்ட்லயே அதைச் சொல்லணும். அது உங்க கவலை இல்லை, சாரோடது.

ஆடிட்ல இருங்க. குடோன் கீப்பர் முனகினப்பவும் ரெண்டு வரிசையை இறக்கச் சொன்ன பையன் கம்பெனியில உட்கார்ந்து வவுச்சர் போடுறதுல எனக்குச் சம்மதமில்லை. ஊட்டி ஐயா மாதிரி சுவர்ல இருக்கிறதைப் படிச்சுட்டுப் பணம் போடுறவங்க இந்த மலையில நிறைய பேர் இருக்காங்க.

கடிதத்துல "மார்ச் 31 அன்று முடிவில் எங்கள் வசம் உள்ள சரக்கு"ன்னு கேளுங்க, மூட்டை எண்ணிக்கையை நீங்க எழுதாதீங்க, அந்த இடத்தைக் காலியா விட்டு அவங்களை நிரப்பச் சொல்லுங்க. கிரேடு வாரியா, இன்வாய்ஸ் வாரியா கேளுங்க. அடமானம் ஏதாவது இருக்கான்னும் ஒரு வரி சேருங்க. பதில் வந்ததும் தபால் முத்திரை தெரியுற மாதிரி கவரையும் சேர்த்து ஃபைல்ல வைங்க. பதினைஞ்சு நாள்ல வரலைன்னா இன்னொரு கடிதம் போடுங்க.